ஆளுக்குப் பாதி

அந்தத் துணியைப் பார்த்ததும் கம்ப்யூட்டரம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. புது மெஷினில் தூசி படக்கூடாது என்று அவளே அளவெடுத்துத் தைத்து வைத்திருந்த வெள்ளை உறை. அதன் நட்டநடுவில் ஐந்து விரலும் பதிந்த எண்ணெய்க் கறை. யாரோ சாப்பிட்டுவிட்டு, எழுந்துபோய்க் கை கழுவ வலித்து, துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! அறைச் சாவி இருப்பது ஸ்டோர்ஸ் அதிகாரியிடம். ஸ்டோர்ஸ் அதிகாரி வேறு யாருமில்லை, அவளுடைய மாமனார்.

"ஏ.சி. இருக்கற ரூம் இது ஒண்ணுதானேம்மா. நான் ரெண்டு வாய் சாப்பிட்டா உன் மெஷின் தேஞ்சா போயிடும்?" என்று அவர் சிரித்தார். சிரிக்கும்போது பல்லிடுக்கில் அன்றைய சாப்பாடு தெரிந்தது.

கருமம் கருமம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவள் உறையைக் கழற்றித் துவைக்க எடுத்து வைத்தாள்.

அது நகரத்துச் சாக்கடைக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ். கட்டடத்துக்குப் பின்னாலேயே பம்பிங் ஸ்டேஷன். மத்தியானம் காற்று திரும்பினால் போதும், மாடி முழுக்க மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டரம்மா அந்த நாற்றத்தைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சாக்கடை நாறத்தான் செய்யும், அதில் அதன் தப்பு என்ன இருக்கிறது? சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருகிற மனிதர்கள் நாறுவதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்பதெல்லாம் மடித்து மடித்துக் கிழிந்துபோன வரைபடங்களில் இருந்தது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரே படமாக்க வேண்டும் என்று தலைமையிடத்தில் முடிவாகி, ஒரு ஒர்க்ஸ்டேஷன் வந்து இறங்கியது. அலமாரித் தட்டு அகலத்துக்கு ஒரு பெட்டி, அதன் தலையில் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனத்தில் ஒரு திரை. அதை ஓட்டப் படித்தவள் என்று அவளைத் தற்காலிக வேலையில் சேர்த்தார்கள். படம் முடிந்ததும் தலைமையிடத்து இன்ஜினியர் வந்து திரையில் பார்த்துச் சரி என்று சொன்னால் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் மெஷின் வேறு ஊருக்குப் போகும், அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதே ஆபீஸில் கணக்கு அதிகாரியாக இருந்தவர் அவளைப் பெற்ற அப்பா. கணக்கும் ஸ்டோர்ஸும் எதிரெதிர் மேஜை. ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற சிநேகம். அந்த டீயைக் குடித்துக்கொண்டே பெண் கேட்டு, அந்த டீயைக் குடித்துக்கொண்டே பெண் கொடுத்து, சம்பந்திகளாகவும் ஆகியிருந்தார்கள். நடுவில் அவளையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். முடிவு செய்த பிறகு கேட்டார்கள்.

மெஷினுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் போடுகிற அன்றைக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலி இழுத்துப்போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். மாமனார் கையில் பிஸ்கட் பொட்டலம். அப்பா மடியில் அவருடைய கைப்பெட்டி. அந்தப் பெட்டிக்கு நம்பர் பூட்டு உண்டு. நம்பர் பரம ரகசியம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். தம்பி பிறந்த வருஷம்தான் அது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"பெட்டிதான் வந்தாச்சே, இன்னும் என்னத்தைப் போடறே?" என்றார் அப்பா.

"பெட்டி வெறும் பெட்டிப்பா. உள்ள இருக்கற டிஸ்க் காலியா இருக்கு. இந்த டேப்புல இருக்கறதை அதுல ஏத்தினாத்தான் மெஷினுக்குத் தான் ஒரு மெஷின்னே தெரியும்."

அவள் சுவிட்சைப் போட்டாள். விசிறி உறுமியது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் குறி மட்டும் வந்து, சொல்லு என்ன செய்யணும் என்பது போல் நின்றது. டேப்பிலிருந்து கிளம்பு என்று அவள் கட்டளை கொடுத்தாள். செங்கல் கனத்திலிருந்த டேப் முன்னும் பின்னும் ஓடி ஓடி இரைந்தது. பிறகு மெஷின் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. டிஸ்கை எப்படிப் பிரிக்கட்டும், மெஷினுக்கு என்ன பெயர், மணி என்ன?

"எத்தனை பங்காப் பிரிக்கணும்னு கேக்குது" என்று அவள் வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், மாமனார் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, "பங்கா? யார் யாருக்கு?" என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். டேப் பாதி ஓடும்போது மின்சாரம் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, பிற்பகல் ஆகிவிட்டது. கடைசியாக மெஷின் பாஸ்வேர்டு கேட்டது. அங்கேதான் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இதுதான்பா தலைச்சாவி. இது தெரிஞ்சவங்க மெஷினை என்ன வேணும்னாலும் பண்ணலாம்."

இரண்டு பெரியவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆபீஸில் விலையுள்ள எந்தப் பொருளுக்கும் இரட்டைப் பூட்டு. ஸ்டோர்ஸ் அறையில் ஒரு இரும்பு அலமாரி உண்டு. மேல் பூட்டின் சாவி கணக்கு அதிகாரியிடம், கீழ்ப் பூட்டின் சாவி ஸ்டோர்ஸ் அதிகாரியிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. பித்தளை வால்வு ஒன்று வேண்டுமென்றாலும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போக வேண்டும்.

"தலைச்சாவின்னு நீயே சொல்லிட்டே. அப்ப விதிப்படி இது இரட்டைப் பூட்டுல வரணும்" என்றார் அப்பா.

"ஆமா. ஆளுக்குப் பாதி" என்றார் மாமனார்.

"அப்பா, இதை ஓட்டப் போறது நான். நீங்க ரெண்டு பேரும் கீபோர்டைத் தொட்டதுகூட இல்ல."

"நீ டெம்பரரிம்மா" என்றார் அப்பா, ஏதோ ஆறுதல் சொல்கிற குரலில்.

அலமாரியில் மேல் பூட்டு கணக்குக்கு என்பதால் முதல் பாதியை அப்பா அடிப்பது, இரண்டாம் பாதியை மாமனார் அடிப்பது என்று ஏற்பாடாயிற்று. ஒருவர் அடிக்கும்போது மற்றவரும் அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அப்பா ஒற்றை விரலால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு. சுவரில் உப்புப் பூத்து உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு வேறு வேலையில்லை, சத்தத்தை எண்ணினாள். ஒன்பது.

"ஒண்ணுமே விழலையே?" என்று அப்பா பதறினார்.

"பாஸ்வேர்டு திரையில தெரியாதுப்பா. அப்படித்தான்."

மாமனார் வந்து உட்கார்ந்தார். பிஸ்கட் விரல். தட்டிய ஒவ்வொரு கட்டையிலும் தூள் உதிர்ந்தது. உறுதிப்படுத்த இன்னொரு முறை கேட்டதால் இந்தக் கூத்து திரும்பவும் நடந்தது. பிறகு டேப்பையும் வாங்கிக்கொண்டு போய் இரும்பு அலமாரியில் வைத்து, மேலும் கீழும் பூட்டினார்கள். கம்ப்யூட்டரம்மாவுக்கு என்று ஒரு சாதாரண நுழைவுப் பெயரும், அதற்கு ஒரு சொந்த பாஸ்வேர்டும் மிச்சம். படம் வரைய அது போதும். மெஷின் விழுந்தால் தூக்கி நிறுத்த அது போதாது.

மெஷினோ அடிக்கடி விழுந்தது. மின்சாரம் திடீரென்று போனால் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தது அரைகுறையாக நின்றுவிடும். மறுபடி கிளப்பும்போது, முதலில் டிஸ்கைச் சரிபார்க்க வேண்டும், தலைச்சாவியைக் கொடு என்று கேட்டுக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் சம்பந்திகள் இருவரும் டீ டம்ளரோடு மாடியேறி வருவார்கள். திரும்பி நில்லுங்க சம்பந்தி, நீங்க திரும்புங்க சம்பந்தி என்று ஒரே குலாவல். அவள் சுவரோடு சுவராக நிற்பாள். அந்தச் சுவரில் எங்கெங்கே சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம்.

ஒரு நாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மாமனாரின் பிஸ்கட் தூள் போய் அடைத்து, ஒரு கட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் தன் சொந்த பாஸ்வேர்டை அடித்து முடிக்கும்போது அந்தக் கட்டை தானாகவே நாலைந்து எழுத்தைக் கூடுதலாகத் தள்ளியது. தப்பாகப் போயிற்று, திரும்ப அடிக்க வேண்டும் என்று அவள் சலித்துக்கொள்வதற்குள் மெஷின் அவளை உள்ளே விட்டுவிட்டது. அட, இது என்ன? வேண்டுமென்றே வாலில் கண்டபடி எழுத்துகளைச் சேர்த்து அடித்துப் பார்த்தாள். அதற்கும் விட்டது. மானுவலைப் புரட்டினாள். பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதல் எட்டு எழுத்தைத்தான் மெஷின் பார்க்கும், மிச்சத்தை விட்டுவிடும்.

அவளுடையது சரியாக எட்டு. அப்பா அடித்தது ஒன்பது. அதாவது மாமனாரின் பாதியை அந்த மெஷின் ஒரு நாளும் படித்ததே இல்லை. சுவரைப் பார்த்து நின்றதும், பெருமூச்சு விட்டதும், பிஸ்கட் தூளைக் கொட்டியதும் எல்லாம் வெறும் கூத்து. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விதி கண்டுபிடித்து அவளைத்தான் சுவர்ப்பக்கம் நிறுத்துவார்கள்.

இதற்கு நடுவில்தான் தட்டு விஷயம்.

அன்றைக்குப் படத்தில் ஒரு பேட்டை முழுக்க ஏற்றி முடிக்க வேண்டியிருந்ததால் வீட்டுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. போனதும் சேலைகூட மாற்றாமல் சமைத்துப் போட்டாள். கட்டினவனும் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இது ஒரு சாப்பாடு! ஆபீஸ்ல எவன் கூடச் சிரிச்சுட்டு வர்றே இவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே கட்டினவன் தட்டைத் தூக்கி அவள் முகத்தில் எறிந்தான். சூடாக இருந்தது. கண்ணுக்குள் போய் எரிந்தது. புருவத்திலிருந்து பருக்கை வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

மாமனார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இன்னொரு வாய் எடுத்து வைத்து, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "கொஞ்சம் தண்ணி எடும்மா" என்றார்.

அவள் போய்த் தண்ணீர் எடுத்து வந்து வைத்தாள். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. தட்டை எறிந்தவன் மேல் ஆத்திரம் வந்தது, அது வேறு. முகத்தில் பருக்கையோடு போய், டம்ளரைக் கழுவி, தண்ணீர் பிடித்து, பணிவாகக் கொண்டுவந்து வைத்த தன் கையை நினைத்தால் இப்போதும் அவளுக்கு அருவருப்பாக இருக்கும். சீ, என்ன ஜென்மம் நான் என்று அன்றிரவு முழுக்க முகத்தைக் கழுவினாள். காலையில் இரண்டு சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அப்பா வீட்டுக்குத்தான் முதலில் போனாள். அம்மா அழுதாள், ஆனால் அப்பா முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். "புருஷன் பொண்டாட்டின்னா தட்டு, டம்ளர் பறக்கத்தான் செய்யும். நாலு நாள் இருந்துட்டு அனுசரிச்சுப் போ" என்றார் அப்பா. தம்பி காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டான். நாலு நாள் இருக்க அவளுக்கு மனசு வரவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில் பிடித்தாள். சம்பளம் வருகிறவரை அந்தக் கட்டில் அவளுடையது. வேலை போனால் கட்டிலும் போகும், போனால் திரும்ப அந்தத் தட்டுக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

படம் முடிந்துவிட்டது. தலைமையிடத்து இன்ஜினியர் வருகிற தேதியும் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் மின்சாரம் போயிற்று. மெஷின் விழுந்தது. திரும்பக் கிளப்பியதும் வழக்கம்போல் தலைச்சாவி கேட்டுக்கொண்டு நின்றது. அவள் கீழே போய்ச் சொன்னாள். டீ டம்ளரோடு யாரும் மாடியேறவில்லை.

"எனக்கு முட்டி வலி" என்றார் மாமனார்.

மறுநாளும் முட்டி வலி. அதற்கு மறுநாள் அப்பாவுக்குக் கணக்கு முடிக்கிற வேலை. நாலாவது தடவை கேட்டபோது மாமனார் ஸ்டோர்ஸ் அறை வாசலில் நின்றபடி பல் குத்திக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லும்மா, வீட்டுக்கு வர்றேன்னு. முட்டி வலி பறந்துடும்."

"இது ஆபீஸ் வேலை மாமா. அதுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாம் சம்பந்தம்தான். இந்த வேலை இருக்கற திமிர்லதானே நீ ஹாஸ்டல்ல போய் உக்காந்திருக்கே? வேலை இல்லேன்னா எங்க போவே?" குத்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு அவர் சுவரில் சுண்டினார். "உங்கப்பாவும் நானும் பேசிட்டோம். உன் நல்லதுக்குத்தான்."

உங்கப்பாவும் நானும். இவர் பேசுவார், இவரிடம் அவள் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அப்பா?

நேராகக் கணக்கு அதிகாரியின் மேஜைக்குப் போனாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் கைப்பெட்டியின் நம்பரைத் திருகிக்கொண்டிருந்தார். பெட்டி திறந்தது. உள்ளே இருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். உங்க பாதி மட்டும் போட்டாலே மெஷின் திறக்கும்னு வெச்சுக்குங்க. மாமா வரவே வேண்டாம். அவருக்குத் தெரியவும் தெரியாது. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும். எனக்காகப் போடுவீங்களா?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அதெப்படிம்மா? சம்பந்தியை ஒரு வார்த்தை கேக்காம..."

"அவரைக் கேக்க வேண்டியதே இல்லேன்னுதானேப்பா சொல்றேன்!"

"நாளைக்குத் தெரிஞ்சா தப்பா நெனைப்பாரும்மா. ரிடையர் ஆகற வரைக்கும் எதிர் மேஜையில உக்காரணும் நான். நீ ஒரு தடவை போய் மாப்பிள்ளையைப் பாத்துட்டு வா. எல்லாம் தானா சரியாயிடும்."

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. சாக்கடைக் குழாயில் அடைப்பு எடுக்கும்போது மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி ஒன்று அடித்துவிட்டுப் போயிற்று. பெற்றவர்தான். முதல் எட்டு எழுத்தும் அவருடையது. சுவரைப் பார்க்கச் சொல்ல எதிரில் ஆளே இல்லாவிட்டாலும் அவராகவே திரும்பி நின்றுகொள்வார்.

மாடிக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெஷின் அறையில் மாமனார் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செத்துக் கிடக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே டப்பாவை விரித்து, விரலை ஒவ்வொன்றாக நக்கி, துவைத்து மாட்டிய உறையில் மறுபடி கையைத் துடைத்து, ஒரு ஏப்பமும் விட்டுவிட்டு எழுந்தார். "யோசிச்சியா?" என்று கேட்டார். "யோசிக்கறேன் மாமா" என்றாள். அவர் நமுட்டுச் சிரிப்போடு குட்டித் தூக்கத்துக்குப் போனார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். டேப் இருந்தால் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, புதுச் சாவி போட்டுக்கொள்ளலாம். டேப் அந்த இரும்பு அலமாரியில். ஆக, ஒன்றே ஒன்றுதான் வழி. அப்பா என்ன அடித்திருப்பார்?

முதலில் தன் பெயரைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆபரேட்டிங் சிஸ்டம் போட்ட சமயம் அவளுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணத்தன்று மண்டபத்தூணைப் பிடித்துக்கொண்டு அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை மனசில் இருந்திருக்க வேண்டும். பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்து அடித்தாள். மெஷின் இல்லை என்றது. பெயரை மட்டும் இரண்டு முறை அடித்தாள். இல்லை. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை அடித்தாள். இல்லை, இல்லை, இல்லை.

அப்புறம்தான் கைப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. மூளைக்கு முன்னாலேயே வந்திருக்கும், மனசுதான் தள்ளிப் போட்டது. தம்பியின் பெயர் இங்கிலீஷில் ஐந்து எழுத்து. பிறந்த வருஷம் நாலு. ஐந்தும் நாலும் ஒன்பது. அடித்தாள்.

மெஷின் முணுமுணுவென்று இரைய ஆரம்பித்தது. டிஸ்கில் இங்கே கோளாறு, சரி செய்யட்டுமா என்று வரிசையாகக் கேட்டது. செய், செய், செய் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தாள். "பொண்ணு பேரை வெச்சா பூட்டு நிக்காதோ?" என்று திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டாள். படம் அப்படியே இருந்தது. ஒரு சந்துகூடச் சேதமில்லை. சாவியை மாற்றினாள். புதுச் சாவியை இரண்டு முறை அடித்தபோது யாரும் சுவரைப் பார்த்து நிற்கவில்லை. பிறகு மின்சாரம் போன மாதிரி சுவிட்சை அணைத்து மெஷினை நிறுத்தி, மறுபடி கிளப்பி, பழையபடி தலைச்சாவி கேட்கிற இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தி வைத்துவிட்டு, அசிங்கமான அந்த உறையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அதை இன்னொரு தடவை துவைக்க அவளால் ஆகாது.

இன்ஜினியர் வந்தார். படபடவென்று பேசுகிற, உட்காரக்கூட நேரமில்லாத ஆள். "எங்க படம்?" என்று கேட்டுக்கொண்டே மாடியேறினார். சம்பந்திகள் இருவரும் துவைத்த சட்டையோடு பின்னாலேயே வந்தார்கள். அறை வாசலில் மாமனார் அவள் காதோரமாகக் குனிந்தார்.

"கீழ என் பையன் வண்டியோட நிக்கறான். சாயங்காலம் அவன் கூட வர்றேன்னு சொல்லிடு. இப்பவே போட்டுடறோம்."

"போடுங்க மாமா" என்றாள் அவள்.

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் நிம்மதி. அவர்கள் இரண்டு பேரும் எவ்வளவு லேசாகிவிட்டார்கள் என்று பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே வாந்தி வரும்போல இருந்தது.

"இரட்டைப் பூட்டு சார், விதிப்படி" என்று இன்ஜினியரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்தார். மாமனார் திரும்பி நின்றார். டக், பெருமூச்சு, டக், பெருமூச்சு. பிறகு இவர் எழுந்து அவர் உட்கார்ந்தார். மெஷின் இல்லை என்றது. இன்னொரு முறை. இல்லை என்றது.

"சம்பந்தி, சரியாத்தானே அடிச்சீங்க?" என்றார் மாமனார்.

"நான் சரியாத்தான் அடிச்சேன். நீங்கதான் மறந்துட்டீங்க போல."

"நானா? ஸ்டோர்ஸ்ல ஒரு ஆணி எங்க இருக்குன்னு கேளுங்க, சொல்றேன். உங்களுக்குத்தான் வயசாச்சு."

"வயசைப் பத்தி நீங்க பேசாதீங்க. முட்டி வலின்னு மூணு நாளா ஊரை ஏமாத்தினது யாரு?"

"யோவ், கணக்கு, மரியாதையாப் பேசுய்யா!"

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இது ஓடுமா, ஓடாதா?"

"நகருங்க" என்றாள் கம்ப்யூட்டரம்மா. உட்கார்ந்து ஒரே மூச்சில் அடித்தாள். மெஷின் கிளம்பியது. கறுப்புத் திரையில் தெருத்தெருவாகக் கோடுகள் விழுந்து நகரம் முழுக்க நிறைந்தது. இன்ஜினியர் குனிந்து, தன் வீடு இருக்கிற சந்தைக் காட்டச் சொன்னார். காட்டினாள். அங்கே அடிக்கடி அடைக்கிற குழாய் எங்கே திரும்புகிறது என்று கேட்டார். அதையும் காட்டினாள். "அட, இதுதானா சங்கதி!" என்று அவர் வாயைப் பிளந்தார். "உங்க ஆர்டரை இந்த வாரமே அனுப்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு பம்பிங் ஸ்டேஷனைப் பார்க்க இறங்கிப் போனார்.

மூன்று பேரும் மிச்சம். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

அவள் பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, மெஷினுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

"எப்படிம்மா திறந்தே?" என்றார் அப்பா, மெல்லிய குரலில்.

"உங்க பாதி போதும்பா. நான் அன்னிக்குச் சும்மா கேக்கல. மாமா பாதியை இந்த மெஷின் ஒரு நாளும் படிச்சதே இல்ல. மொதல் எட்டு எழுத்துதான் கணக்கு."

"என்னது?" என்றார் மாமனார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "தம்பி பேருன்னு கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சுப்பா. மொதல்ல என் பேரைத்தான் போட்டுப் பாத்தேன். அப்புறம் நீங்க செல்லமாக் கூப்பிடற பேரு."

அப்பா கைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்த உப்புப் பூத்த சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை அவரை யாரும் திரும்பச் சொல்லவில்லை.

மாமனாருக்கோ முகம் கன்றிச் சிவந்துவிட்டது. "ஏமாத்தறியா? அப்பனும் பொண்ணுமாச் சேர்ந்து என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கீங்களா? கீழ என் பையன் காத்துக்கிட்டு நிக்கறான், தெரியுமில்ல? நான் யார்னு நெனைச்சே? ஒரு வார்த்தை எழுதிப் போட்டேன்னா..." அவர் கத்திக்கொண்டே இருந்தார். மேஜையைத் தட்டினார். அவள் டப்பா குலுங்கியது.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. இன்னொரு வாய் எடுத்து வைத்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"கொஞ்சம் தண்ணி எடுங்க மாமா" என்றாள்.